இரத்தச்சோகையின் மூலத்தைத் தேடிய இந்தியர்: எல்லப்பிரகட சுப்பாராவின் வாழ்வும் ஆய்வும்

நாடெங்கும் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிப் பெண்களுக்கு வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் சேர்க்கப்பட்டுள்ளது. இரத்தப் புற்றுநோய்க்கு ஆளான குழந்தைகளுக்கு அளிக்கப்படும் மருந்துகளுள் மெத்தோட்ரெக்சேட் இன்றியமையாத ஒன்றாகும். யானைக்கால் நோயை ஒழிப்பதற்காகச் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வழங்குவது டை எத்தில் கார்பமசின் மாத்திரை. ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரிக்கும் முறையும், மற்ற இரு மருந்துகளும் ஒரே ஆய்வகத்திலிருந்து சில ஆண்டு இடைவெளியில் வெளிவந்தவை. அந்த ஆய்வகத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் எல்லப்பிரகட சுப்பாராவ் என்னும் இந்தியர்.

உலகெங்கும் கோடிக்கணக்கான நோயாளிகளுக்குப் பயன்பட்ட இம்மருந்துகளோடு சேர்த்து அவருடைய பெயர் நினைவுகூரப்படுவது அரிது. உயிர்வேதியியல் பாடநூல்களில் ஒரு சோதனை முறையின் பெயராக மட்டுமே மாணவர்கள் அவரை அறிகின்றனர். இரத்தச்சோகையை நீக்கும் பொருளைத் தேடிப் புறப்பட்ட அவர், தாம் தேடியதைக் கண்டடையவில்லை. ஆனால் அத்தேடலின் வழியில் கிடைத்தவை மருத்துவத்தின் போக்கையே மாற்றின.

பீமாவரத்திலிருந்து திருவல்லிக்கேணிக்கு

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததும் இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் உள்ளதுமான பீமாவரத்தில் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். தந்தை ஜகந்நாதம், தாய் வெங்கம்மா. அரசின் வருவாய்த் துறையில் பணியாற்றிய தந்தை உடல்நலக் குறைவால் முன்னதாகவே பணியிலிருந்து விலக நேர்ந்ததால், பெரிய குடும்பம் வறுமையில் வாடியது.

சிறுவயதில் படிப்பில் சுப்பாராவின் மனம் ஒன்றவில்லை. 13-ஆம் வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று எண்ணி வீட்டை விட்டுப் புறப்பட்டார் என்றும், வழியிலேயே கண்டுபிடிக்கப்பட்டு அழைத்துவரப்பட்டார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. மகனைப் படிக்கவைத்தே தீர்வது என்பதில் தாய் உறுதியாக இருந்தார். தந்தை மறைந்த பின்னரும் அந்த உறுதி தளரவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோல்வியுற்ற சுப்பாராவ், சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முயற்சியில் தேர்ச்சி பெற்றார்.

மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் படிப்பை முடித்தபோது அவருடைய உள்ளம் துறவை நாடியது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயோ அதற்கு இசைவு தரவில்லை. மருத்துவம் பயின்று மக்களுக்குத் தொண்டாற்றலாம் என்ற அறிவுரையை ஏற்றுச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919-இல் சேஷகிரி என்பவரை மணந்தார். அவருடைய மருத்துவப் படிப்புக்கு மாமனார் பொருளுதவி செய்தார்.

கதராடையும் கைநழுவிய பட்டமும்

அந்நியத் துணிகளைப் புறக்கணிக்குமாறு காந்தியடிகள் விடுத்த அழைப்பு மருத்துவ மாணவர்களையும் எட்டியிருந்த காலம் அது. அறுவைச் சிகிச்சைக் கூடத்திற்குச் சுப்பாராவ் கதராடை அணிந்து சென்றார். இது ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு இடமளித்தது. எழுத்துத் தேர்வுகளைச் சிறப்பாக எழுதியிருந்தும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே வழங்கப்பட்டது. அதனால் மாகாண மருத்துவப் பணியில் சேரும் வாய்ப்பும் இல்லாமற்போனது.

அக்காலத்தில் குடும்பத்தைத் தாக்கிய பேரிழப்பு அவருடைய வாழ்வின் திசையை முடிவு செய்தது. சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். அவர்களைக் கொண்டுசென்றது ஸ்புரூ என்னும் வெப்பமண்டல நோய். இந்நோயில் குடல், உணவின் சத்துகளை உறிஞ்சும் ஆற்றலை இழக்கிறது. வயிற்றுப்போக்கும் நாப்புண்ணும் நீடிக்கும்; உடல் மெலியும்; இரத்தம் குன்றிக் கடுமையான சோகை உண்டாகும். நோயின் காரணமும் அதற்குரிய மருந்தும் அன்று எவருக்கும் தெரியவில்லை. மருத்துவம் பயின்ற ஒருவர், தம் உடன்பிறந்தோரைக் காக்க இயலாமல் நிற்க நேர்ந்தது.

சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் சுப்பாராவ் உடற்கூறியல் ஆசிரியராகப் பணியாற்றினார். நோய்களின் அடிப்படையை அறிய வேண்டுமெனில் ஆய்வுக்கூடம் வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் வலுப்பெற்றது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது. காக்கிநாடாவில் இயங்கிய மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் அளித்த உதவியுடன் 1920-களின் தொடக்கத்தில் அவர் கப்பலேறினார். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாக மனைவியிடம் கூறிச் சென்றவர், பின்னர் தாயகத்துக்குத் திரும்பவேயில்லை. அவர் சென்ற பின்னர்ப் பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். அம்மகனின் முகத்தைத் தந்தை கண்டதில்லை.

நீல நிறத்தால் அளந்த பாஸ்பரஸ்

பாஸ்டனில் வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. அமெரிக்காவில் மருத்துவராகத் தொழில் செய்யும் உரிமை அவருக்கு இல்லை. பிழைப்புக்காகப் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு நேரக் கடைநிலைப் பணியாளராக வேலை பார்த்தார். நோயாளிகளின் மலசலக் கலன்களைக் கழுவுவதும் அப்பணியில் அடங்கும். பட்டயப் படிப்பை முடித்த பின்னர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவைத் துல்லியமாகக் கண்டறிய எளிய வழி ஒன்று அன்று தேவைப்பட்டது. எலும்பு வளர்ச்சிக் குறைபாடு, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றை அறிய அந்த அளவு உதவும். ஃபிஸ்கேவும் சுப்பாராவும் 1925-இல் வெளியிட்ட முறை இத்தேவையை நிறைவு செய்தது. சோதனைக்குரிய திரவத்தில் உள்ள பாஸ்பேட், அமிலக் கரைசலில் மாலிப்டேட்டுடன் சேர்கிறது. அச்சேர்மத்தை ஒடுக்கும் பொருள் ஒன்றைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றுகிறது. பாஸ்பரஸ் மிகுந்தால் நீலமும் அடர்கிறது. அந்த அடர்த்தியை, அளவு தெரிந்த கரைசலின் நிறத்துடன் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். சிறிதளவு இரத்தமே போதும், நேரமும் குறைவு. ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்னும் பெயரில் அது விரைவில் உலகின் ஆய்வுக்கூடங்களுக்குப் பரவியது. இன்றளவும் பாடத்திட்டங்களில் இடம்பெற்றுள்ளது.

இந்தச் சோதனை தந்த ஒரு சிறு முரண்பாடே அடுத்த கண்டுபிடிப்புக்கு வழிகோலியது. தசையிலிருந்து எடுத்த சாற்றில் நீல நிறம் எதிர்பார்த்த வேகத்தில் எழவில்லை. மெல்ல மெல்லவே அடர்ந்தது. சோதனையில் பிழை எனத் தள்ளிவிடாமல் இருவரும் காரணத்தைத் தேடினர். எளிதில் சிதையும் பாஸ்பரஸ் சேர்மம் ஒன்று தசையில் இருப்பதை அறிந்தனர். 1927-இல் அது பாஸ்போகிரியேட்டின் என அடையாளம் காணப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் தனியே அச்சேர்மத்தைக் கண்டிருந்தனர். 1929-இல் உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் என இன்று அழைக்கப்படும் ஏ.டி.பி. என்னும் பொருளை ஃபிஸ்கேவும் சுப்பாராவும் பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டில் அதைத் தனியே கண்டறிந்தார்.

தசை சுருங்குவதற்கான ஆற்றல் லாக்டிக் அமில உருவாக்கத்திலிருந்து நேரடியாக வருகிறது என்பதே அதுவரை நிலவிய கொள்கை. தசை ஆய்வுக்காக 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற ஓட்டோ மேயர்ஹோப், ஆர்ச்சிபால்டு ஹில் ஆகியோரின் விளக்கமும் அதை ஒட்டியே அமைந்திருந்தது. பாஸ்பரஸ் சேர்மங்களின் கண்டுபிடிப்பு அக்கொள்கையைத் திருத்தி எழுதச் செய்தது. 1930-இல் ஹார்வர்டில் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார்.

கல்லீரலில் மறைந்திருந்த பொருள்

தசை ஆய்வில் பெயர் பெற்ற பின்னரும் சகோதரர்களைக் கொன்ற நோயை அவர் மறக்கவில்லை. இரத்தச்சோகை குறித்த ஆராய்ச்சி அன்று பாஸ்டனில் சூடுபிடித்திருந்தது. பெர்னீசியஸ் அனீமியா என்னும் கொடிய இரத்தச்சோகை அதுவரை உயிரைக் கொல்லும் நோயாகவே இருந்தது. நாள்தோறும் ஏறத்தாழ கால் கிலோ கல்லீரலை உண்டால் நோயாளி பிழைக்கலாம் என்று ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி ஆகிய மருத்துவர்கள் 1926-இல் அறிவித்தனர். ஜார்ஜ் விப்பிளுடன் அவர்கள் 1934-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் கல்லீரலில் உள்ள எப்பொருள் இரத்தத்தை வளர்க்கிறது என்பது தெரியவில்லை. அதைப் பிரித்தெடுக்கும் பணியில் சுப்பாராவ் 1930-களில் ஈடுபட்டார்.

இப்பணியின் கடினத்தை இன்று கற்பனை செய்வதும் அரிது. கல்லீரல் சாற்றைப் பல பகுதிகளாகப் பிரித்தாலும், எப்பகுதியில் மருந்து உள்ளது என்பதை அறிய நோயாளியின் இரத்தம் ஒன்றே உரைகல்லாக இருந்தது. எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளிவரும் இளஞ்சிவப்பணுக்கள் ரெட்டிக்குலோசைட் எனப்படுகின்றன. தனிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் வலைபோன்ற இழைகளால் அவற்றை இனங்காணலாம். சாற்றைச் செலுத்திய சில நாட்களில் இவ்வணுக்களின் எண்ணிக்கை திடீரென உயர்ந்தால் மருந்து அப்பகுதியில் இருக்கிறது என்று பொருள். உயராவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிகிச்சை பெறாத நோயாளி கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

இந்தியாவில் கிடைத்த மற்றொரு தடயம்

அதே காலத்தில் இந்தியாவில் வேறொரு தடயம் கிடைத்திருந்தது. 1928-இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், துணி ஆலைத் தொழிலாளர்களாகிய கர்ப்பிணிப் பெண்களிடம் பரவலாகக் காணப்பட்ட இரத்தச்சோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், சென்னையில் சாதி மற்றும் கோஷா மருத்துவமனை என அன்று அழைக்கப்பட்ட மகளிர் மருத்துவமனையிலும் அவருடைய ஆய்வு தொடர்ந்தது. சிவப்பணுக்கள் அளவில் பெருத்தும் எண்ணிக்கையில் குறைந்தும் காணப்பட்டன. ஆயினும் இது பெர்னீசியஸ் வகை நோய் அன்று. தூய்மைப்படுத்திய கல்லீரல் சாறு இதற்குப் பயன்படவில்லை. மலிவான ஈஸ்ட் சாறு குணப்படுத்தியது. 1931-இல் அவர் இதனை வெளியிட்டார். பெயர் தெரியாத அப்பொருள் வில்ஸ் காரணி எனப்பட்டது.

இரத்தத்தை வளர்க்கும் பொருள் ஒன்றல்ல, குறைந்தது இரண்டு என்பதை இத்தடயம் உணர்த்தியது. வெவ்வேறு பெயர்களில் பல குழுக்கள் தேடிய அந்த இரண்டாம் பொருளை 1941-இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் பசலைக்கீரையிலிருந்து செறிவாக்கி எடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர்.

பேர்ல் ரிவர் ஆய்வகம்

ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டாத நிலையில், 1940-இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இயங்கிய லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் மருந்துப் பிரிவு அது. விரைவில் ஆராய்ச்சித் துறையின் இயக்குநராக உயர்ந்தார். வேதியியலாளர், நுண்ணுயிரியலாளர், மருத்துவர் எனப் பல துறையினரை ஒரே இலக்கை நோக்கி அவர் ஒருங்கிணைத்தார்.

சோதனைக்கு நோயாளியை எதிர்பார்த்திருக்க வேண்டிய நிலை இங்கே மாறியது. லாக்டோபேசில்லஸ் கேசி என்னும் பாக்டீரியா, ஃபோலிக் அமிலம் இல்லாவிடில் வளராது. எனவே அதன் வளர்ச்சியே பொருளின் அளவைக் காட்டும் கருவியாயிற்று. கல்லீரலிலிருந்தும் ஈஸ்டிலிருந்தும் ஸ்டோக்ஸ்டாடு உள்ளிட்ட லெடர்லே ஆய்வாளர்கள் அக்காரணியைத் தூய்மையாகப் பிரித்தனர். பின்னர் அதன் அமைப்பைப் பகுத்தறிந்து, ஆய்வகத்தில் செயற்கையாகவும் உருவாக்கினர். 1945-இல் வெளியான அந்த அறிவிப்பில் 16 பேரின் பெயர்கள் இருந்தன. அவர்களுள் ஒருவராகவே இயக்குநர் சுப்பாராவும் இடம்பெற்றார்.

பல நூறு கிலோ கல்லீரலிலிருந்து மிகச் சிறிதளவே கிடைத்துவந்த பொருள், இனி வேண்டிய அளவுக்குக் கிடைக்கும் என்றாயிற்று. அமெரிக்க மருத்துவர் டாம் ஸ்பைஸ் முதலியோர் இதனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். பேரணுச் சோகையால் துன்புற்றோர் சில நாட்களில் தெளிந்தனர். ஸ்புரூ நோயாளிகளுக்கும் இரத்தம் ஊறியது, பசி திரும்பியது. சென்னையில் சகோதரர்களை இழந்து கால் நூற்றாண்டு கடந்தபின், அந்நோய்க்குரிய மருந்தை சுப்பாராவின் ஆய்வகம் உலகுக்கு அளித்தது.

எனினும் அவர் முதலில் தேடிய பொருள் இதுவன்று. பெர்னீசியஸ் அனீமியா நோயாளிகளுக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் அளித்தபோது இரத்தம் தேறியது. ஆனால் நரம்புச் சிதைவு தடைப்படவில்லை. இரத்தச் சோதனை நலம் எனக் காட்டும் வேளையில் நோய் உள்ளே முற்றியது. கல்லீரலில் இருந்த மெய்யான பொருள், 1948-இல் அமெரிக்காவின் மெர்க் நிறுவன ஆய்வாளர்களாலும் இங்கிலாந்தின் லெஸ்டர் ஸ்மித்தாலும் பிரித்தெடுக்கப்பட்ட வைட்டமின் பி12 ஆகும். இரண்டையும் பிரித்தறிந்து சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது அன்று கற்ற பாடம். இன்றும் மருத்துவர்கள் அதனைக் கடைப்பிடிக்கின்றனர்.

வளர்ப்பதைத் தடுத்தால் என்ன நேரும்?

ஓர் உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதற்கான மூலப்பொருட்களை ஆக்க ஃபோலிக் அமிலம் தேவை. அது குறைந்தால் மஜ்ஜையில் உள்ள இளம் அணுக்களின் உட்கரு முதிர்வதில்லை. அணுவின் உடல் மட்டும் பெருக்கிறது. பெருத்த சிவப்பணுக்கள் தோன்றுவதற்கு இதுவே காரணம். விரைவாகப் பெருகும் எந்த அணுவுக்கும் இத்தேவை மிகுதி. இரத்தப் புற்றுநோயில் கட்டுப்பாடின்றிப் பெருகும் வெள்ளணுக்களும் இதற்கு விலக்கல்ல.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்குறியியல் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலம் சார்ந்த சேர்மங்களை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அளித்தபோது, புற்றணுக்கள் மேலும் வேகமாகப் பெருகுவதுபோல் தோன்றியதைக் கண்டார். அப்படியெனில் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருள் புற்றணுக்களைப் பட்டினி போடும் அன்றோ? லெடர்லே வேதியியலாளர்கள் ஃபோலிக் அமில மூலக்கூறின் ஒரு சிறு பகுதியை மாற்றியமைத்து, பார்வைக்கு அதனைப் போன்றும் செயலில் அதற்கு எதிராகவும் அமைந்த சேர்மங்களை உருவாக்கியிருந்தனர். அவற்றுள் ஒன்றான அமினோப்டெரின், சுப்பாராவின் ஆய்வகத்திலிருந்து ஃபார்பருக்கு அனுப்பப்பட்டது.

1948 ஜூன் மாதம் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரை மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேரின் உடல்நிலை தேறியிருந்தது. இரத்தத்தில் புற்றணுக்கள் குறைந்து, இயல்பான அணுக்கள் மீண்டும் தோன்றின. அம்முன்னேற்றம் நிலைக்கவில்லை, சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆயினும் அறுவைச் சிகிச்சைக்கும் கதிர்வீச்சுக்கும் எட்டாத இரத்தப் புற்றுநோயை ஒரு வேதிப்பொருள் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது முதன்முறையாக மெய்ப்பிக்கப்பட்டது.

அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் அதனினும் பாதுகாப்பானதாக விளங்கியதால், பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. கருப்பையில் தோன்றும் கோரியோகார்சினோமா என்னும் புற்றுநோயை இம்மருந்தால் முற்றிலும் குணப்படுத்த இயலும் என்பது 1950-களில் தெரியவந்தது. குழந்தைகளின் தீவிர இரத்தப் புற்றுநோய்க்கு இன்று பல மருந்துகளை இணைத்துச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. வளர்ந்த நாடுகளில் பத்துக் குழந்தைகளில் எட்டுப் பேருக்கு மேல் அதனால் பிழைக்கின்றனர். குறைந்த அளவில் மூட்டுவாதத்துக்கும் மெத்தோட்ரெக்சேட் வழங்கப்படுகிறது.

இரத்தத்தில் உலவும் புழுக்கள்

இரண்டாம் உலகப்போரின்போது பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்க வீரர்கள் யானைக்கால் நோய்க்கு ஆளாயினர். இந்நோயை உண்டாக்கும் புழுக்களின் நுண்குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் இரத்த ஓட்டத்தில் வெளிப்படும். ஆகவேதான் இந்தியக் கிராமங்களில் இரவு இரத்தப் பரிசோதனை நடைபெறுகிறது. அக்குஞ்சுகளை இரத்தத்திலிருந்து நீக்கும் டை எத்தில் கார்பமசின் மருந்தை 1947-இல் சுப்பாராவின் குழு அறிவித்தது. ஹெட்ராசான் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இந்தியா 1955-இல் தொடங்கிய தேசிய யானைக்கால் நோய்த் தடுப்புத் திட்டத்தில் இம்மருந்தே முதன்மை இடம் பெற்றது.

மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளிலிருந்து மருந்து தேடும் பணியையும் அவர் ஊக்குவித்தார். பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற முதிய தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கரை லெடர்லே பணியமர்த்தியது. மிசௌரியிலிருந்து வந்த மண்ணில் அவர் கண்ட நுண்ணுயிரி, ஆரியோமைசின் என்னும் மருந்தைத் தந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தாகிய அது 1948 ஜூலையில் அறிவிக்கப்பட்டது.

குடியுரிமையும் புகழும் இன்றி

சுப்பாராவ் அமெரிக்காவில் கால் பதித்த காலத்தில் அந்நாட்டுச் சட்டம் இந்தியருக்கு எதிராக இருந்தது. இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றோர் என்று 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-இல்தான் அத்தடை நீங்கியது. அந்நாட்டின் முன்னணி ஆய்வகம் ஒன்றை வழிநடத்திய அவர், அயல்நாட்டவராகவே அங்கு வாழ்ந்து மறைந்தார்.

ஆரியோமைசின் அறிவிக்கப்பட்ட சில வாரங்களில், 1948 ஆகஸ்ட் மாதம், உறக்கத்திலேயே மாரடைப்பால் அவர் உயிர்நீத்தார். வயது 53. அமினோப்டெரின் கட்டுரை வெளிவந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. மெத்தோட்ரெக்சேட் ஒரு நோயாளியை முற்றிலும் குணப்படுத்தியதை அவர் காணவில்லை. இந்தியா விடுதலை பெற்று ஓராண்டு நிறைவடையும் வேளையில், பீமாவரத்து மகன் அயல் மண்ணில் மறைந்தார். அவருடைய மனைவி சேஷகிரி, கால் நூற்றாண்டுக் காத்திருப்பின் முடிவில் அச்செய்தியைத்தான் பெற்றார்.

அவருடைய பெயர் மங்கியதற்குக் காரணங்கள் பல. காப்புரிமைகளையும் புகழையும் அவர் தம் பெயரில் குவித்துக்கொள்ளவில்லை. கண்டுபிடிப்புகளை அறிவிக்கும் மேடைகளில் பெரும்பாலும் உடன் பணியாற்றியோரையே முன்னிறுத்தினார். ஹார்வர்டில் அவர் பிரித்தெடுத்த சில சேர்மங்கள் மூத்தவரான ஃபிஸ்கேயின் மனக்காய்ப்பால் வெளிவராமற்போயின என்றும், அவற்றைப் பின்வந்தோர் மீண்டும் கண்டறிய வேண்டியதாயிற்று என்றும், அதே துறையில் பயின்றவரும் 1988-இல் நோபல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் பின்னாளில் பதிவு செய்துள்ளார். தொழில் நிறுவனத்தில் நடைபெற்ற ஆய்வு என்பதால் மருந்தின் வணிகப் பெயர் நிலைத்தது. ஆய்வாளரின் பெயர் மறைந்தது.

அவருடைய நினைவாக ஒரு பூஞ்சைப் பேரினத்துக்குச் சுப்பாரோமைசிஸ் என 1953-இல் பெயரிடப்பட்டது. பிறந்த நூற்றாண்டையொட்டி 1995-இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

இன்றைய இரத்த ஆய்வகத்தில்

மருந்தாக அறிமுகமான அமினோப்டெரின், உயிரணுப் பகுப்பாய்விலும் எதிர்பாராத பங்கு வகித்தது. 1975-இல் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டைன் ஆகியோர் ஒரே வகை எதிர்ப்புரதத்தை இடைவிடாது சுரக்கும் கலப்பணுக்களை உருவாக்கினர். இரு வகை அணுக்களை இணைத்தபின், இணையாத புற்றணுக்களை நீக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் பயன்படுத்திய வளர்ப்பு ஊடகத்தில் அமினோப்டெரின் இருந்தது. டி.என்.ஏ. ஆக்கத்தின் முதன்மை வழியை அது அடைத்துவிட, மாற்றுவழி உடைய கலப்பணுக்கள் மட்டும் பிழைத்தன.

இம்முறையால் கிடைத்த ஒற்றைவகை எதிர்ப்புரதங்களைக் கொண்டே இன்றைய ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவிகள் இரத்த அணுக்களை வகைபிரிக்கின்றன. ஒரு குழந்தைக்கு வந்திருப்பது எவ்வகை இரத்தப் புற்றுநோய் என்பதையும், எச்.ஐ.வி. தொற்று உடையவரின் சி.டி.4 அணுக்கள் எத்தனை என்பதையும் அவை ஒவ்வோர் அணுவாக ஒளியின் வழியே எண்ணிச் சொல்கின்றன.

இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையோர் என 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு தெரிவிக்கிறது. இரும்புச்சத்துடன் ஃபோலிக் அமிலம் சேர்ந்த மாத்திரையை வழங்கும் திட்டம் 1970 முதல் நாட்டில் நடைமுறையில் உள்ளது. மருந்து கையில் இருந்தும் குறை நீங்கவில்லை என்பது, உணவும் வறுமையும் பெண்கள்பால் காட்டும் கவனமும் மாத்திரையளவில் முடிந்துவிடுவன அல்ல என்பதைக் காட்டுகிறது. ஆனால் சுப்பாராவின் சகோதரர்கள் இறந்த நாளில் அந்த மாத்திரையே இருக்கவில்லை. இரத்தம் ஏன் குன்றுகிறது என்று அவர் கேட்ட கேள்விக்கு அறிவியல் இன்று விடை அறிந்திருக்கிறது. அந்த விடையைக் கடைசி வீடுவரை கொண்டுசேர்க்கும் பொறுப்பு, அவர் திரும்பிவர இயலாமற்போன நாட்டிடம் உள்ளது.